புதுக்கிய பழைய வீட்டை விற்கும்போது வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் இன்று விலைக்கு வரும் பழைய குடும்ப வீடுகளில் பல, ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. அத்திவாரமும் தலைவாசலும் எழுபதுகளில் பாட்டனார் போட்டவையாக இருக்கும். கூரை 2009இல் போர் முடிந்த பின்னர் மீள்குடியேறியபோது புதிதாக ஏற்றப்பட்டிருக்கும். பின்பக்கத்து அறைகள் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு வழங்கிய 550,000 ரூபாயில் எழுந்திருக்கும். தரை ஓடும், அறையோடு சேர்ந்த குளியலறையும், பெரிய இரும்புக் கேற்றும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் கடைசியாக வந்து சேர்ந்திருக்கும். விற்க முடிவெடுக்கும் குடும்பம் இந்தக் கடைசிச் செலவை மனத்தில் வைத்தே விலை சொல்கிறது. வாங்க வருபவரோ கேற்றடியில் நின்றபடியே, “உறுதிக் காணியோ, பெர்மிட் காணியோ?” என்று, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ளதோ அரச அனுமதிப்பத்திரம் உள்ளதோ என்று, கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார். விற்பனையில் நேரும் தவறுகளில் அநேகமானவை இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திக்காததால் வருபவை.

எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, பத்திரங்களைப் புரட்டிப் பார்க்கும் முன் மேசனைக் கூப்பிடுவது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களை அண்டிய குடியேற்றங்களில் கணிசமான காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் பகிர்ந்தளித்தவை. அந்தச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணியை விற்க முடியாது. ஜெயபூமி, சுவர்ணபூமி போன்ற பெயர்களில் அரசு வழங்கிய அளிப்புப் பத்திரம் பெற்ற காணியை விற்கலாமெனினும், பிரதேச செயலாளரின் எழுத்துமூல இணக்கம் உறுதி எழுதப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். பத்திரத்தில் குறித்த மிகக் குறைந்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டாடவும் இயலாது. இவற்றை மீறி எழுதப்படும் உறுதி செல்லாது. “வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்போம், பிறகு பார்க்கலாம்” என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. அந்தத் தாள் வாங்குபவரையும் காப்பாற்றாது, விற்பவரையும் காப்பாற்றாது.

விசுவமடுவில் எங்கள் பெரியம்மாவின் வீட்டில் நடந்தது இதுதான். மூன்று மாதம் நின்று தரைக்கு ஓடு பதித்து, குசினிக்குக் கருங்கல் மேடை போட்டு, வாங்குபவரையும் கண்டுபிடித்த பின்னர்தான் தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்தோம். பின்னுரித்தாளர் பெயர் எழுதும் வரியில், இடப்பெயர்வுக் காலத்தில் காலமாகிவிட்ட மாமாவின் பெயர் நீல மையில் இருந்தது. அதன்பின் யார் பெயரும் பதியப்பட்டிருக்கவில்லை. உரித்தைச் சீர்செய்யக் காணிக் கிளைக்கு நடந்த காலத்தில் வாங்க வந்தவர் வேறிடத்தில் வீடு பார்த்துக்கொண்டார். ஓடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

உறுதிக் காணி என்பதால் மட்டும் எல்லாம் தெளிவாகிவிடுவதில்லை. முதுசமாக வந்த காணியில், வீட்டைத் திருத்தியவர் ஒருவராக இருந்தாலும், மற்றவர்களின் பங்கு எழுத்தில் தீர்க்கப்படும்வரை அப்படியே நிற்கும். வடபகுதித் தமிழரின் மரபுவழிச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமாயின், திருமணத்தின் பின் விலைகொடுத்து வாங்கிய ஆதனம் தேடிய தேட்டம் எனப்படும்; அதில் கணவன், மனைவியரின் உரித்து என்ன என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். கூட்டுரிமையாளருக்கும் வாரிசாகக் கூடியவர்களுக்கும், அந்நியருக்கு முன்னதாக வாங்கும் உரிமையும் உண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதற்காக அந்த அறிவித்தலைக் கைவிட்டால், அவர் பேச வரும் இடம் நீதிமன்றமாகவே இருக்கும். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர், தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் அனுப்பியிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு வலு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தாலும் கலங்கத் தேவையில்லை. காணிப் பதிவகத்தில் தோம்பு எனப்படும் பதிவேட்டைப் பார்த்து, பதிவில் இருப்பதற்குச் சான்றுபடுத்திய பிரதி பெறலாம். ஆனால் அதை விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டும்.

புதுக்கிய வீட்டுக்கேயுரிய பத்திரச் சிக்கல் ஒன்று உண்டு. பழைய நில அளவைப் படத்தில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் இருக்கும். நிலத்திலோ ஐந்து அறையும் ஒரு கார்க் கொட்டகையும் நிற்கும். பிரதேச சபையின் அனுமதியின்றி நீட்டப்பட்ட பகுதி வீட்டுக்காரருக்கு வீடாகத் தெரியலாம். வங்கிக்கு அது கணக்கில் வராது. கடனெடுத்து வாங்குபவரிடம், சபை அங்கீகரித்த கட்டடப் படத்தையும், வீதி எல்லையைக் காட்டும் தெருக்கோட்டுச் சான்றிதழையும், சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டையும் வங்கி கேட்கும். ஏ9 வீதியோரத்துக் காணிகளில் புது மதில் வீதி எல்லைக்குள் நீண்டிருந்தால், அதுவும் அந்தப் பரிசீலனையில் வெளிப்பட்டுவிடும். புதிய அளவை ஒன்றை முன்கூட்டியே செய்விப்பது, வாங்குபவரின் அளவையாளர் வந்து வேலியைத் தள்ளிக் காட்டும் அவமானத்தைவிட மலிவானது.

இனிச் சுவருக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்திலோ களிமண்ணிலோ கட்டிய பழைய செங்கற் சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் விட்டு விட்டே நிலைத்து நின்றது. அதன்மேல் சீமெந்துப் பூச்சைப் பூசி, பிளாஸ்டிக் பெயின்ரும் அடித்துவிட்டால், ஈரம் உள்ளே அடைபட்டு, நிலத்து உப்பையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறும். விற்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் அடித்த பெயின்ர் முதல் மழைவரை அழகாகவே இருக்கும். ஆனால் அனுபவப்பட்டவர் நடுச்சுவரைப் பார்க்க மாட்டார். கட்டிலையோ அலுமாரியையோ சற்று நகர்த்தி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பெருவிரலால் அழுத்துவார். வெள்ளைத் தூள் நகத்தில் ஒட்டி, பெயின்ர் அப்பளம்போல நொறுங்கினால், அதன்பின் நாம் சொல்லும் எந்த உண்மையையும் அவர் நம்ப மாட்டார். கூரையின் பழைய கைமரங்களில் கறையான் ஏறிய தடத்தைச் சீலிங் பலகையால் மூடுவதும், எறிகணைச் சிதறல் பட்ட தூணைப் பூச்சால் மறைப்பதும் அத்தகையவையே. எங்கே என்ன பழுது இருந்தது, எப்போது எப்படித் திருத்தப்பட்டது என்பதைச் சொல்லி, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டினால், அந்தப் பழுதே நம்பிக்கைக்குக் காரணமாகிவிடும். மின்சார இணைப்பில் பழைய கம்பியோடு புதிய குளிரூட்டியை மாட்டியிருந்தால் மட்டும், சொல்வது போதாது. மாற்றியே ஆக வேண்டும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் வன்னியில் வீடு விற்க முடியாது. கிணற்றில் ஆவணி, புரட்டாதியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், மோட்டர் எவ்வளவு நேரம் இழுக்கும், தண்ணீர் சவரா நன்னீரா என்பவை எல்லாம் கேட்கப்படும். கேட்காதவரும் குசினியில் கேத்தலின் மூடியைத் திறந்து, அடியில் படிந்த சுண்ணாம்புத் தட்டைப் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீரைச் சோதிப்பித்த அறிக்கையொன்றை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு ஒரு குளியலறைக் குழாயின் விலைகூட இராது. நவீனப்படுத்தும்போது செய்யப்படும் பெரும் பிழையும் இங்கேதான் இருக்கிறது: அறையோடு சேர்த்த புதிய மலசலகூடத்துக்கு இடம் தேடி, மலக்குழியைக் கிணற்றுப் பக்கமாக வெட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லிவருவதை, இங்கு வீடு வாங்குவோர் அடியெடுத்து அளந்தே பார்க்கிறார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் மூழ்கியதைக் கண்டவர்கள், வளவுக்குள் வெள்ளம் எதுவரை ஏறியது என்றும் கேட்பார்கள். அயல்வீட்டாருக்குத் தெரிந்த விடையையே நாமும் சொல்ல வேண்டும்.

விலை விடயத்தில் எனது அபிப்பிராயம் சிலருக்குக் கசக்கும். ஊருக்குள் எந்த வீடும் போகாத விலைக்கு, சலவைக்கல் பதித்த காரணத்தால் நமது வீடு போகாது. முற்றத்து மாமரத்தையும் வேம்பையும் தறித்துவிட்டுச் சிமெந்துக் கல் பதித்தவர்கள், நிழலுக்கும் ஒரு விலை இருந்ததை உச்சிவெயிலில் வீடு பார்க்க வந்தவரின் முகத்தில்தான் கண்டார்கள். ஆயினும் செலவுப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடக் கூடாது. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலுள்ள மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது, வீட்டை மேம்படுத்திய செலவு அடக்கவிலையோடு சேரும். 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே உரிமையாயிருந்த ஆதனத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாகும். இலங்கையில் வதிபவர் மூன்று வருடம் தொடர்ந்து உரிமையாய் வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கும் உண்டு.

வாங்குபவர் வெளிநாட்டிலிருந்தால் அவருடைய குடியுரிமையை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பது சட்டத்துக்குப் போதாது. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் குறைந்த விலை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் நிற்பது உறுதியில் உள்ள தொகைதான்.

முற்பணம் வாங்கும்போது எந்தத் தேதிக்குள் மீதி, எது வீட்டோடு போகிறது, எது போகாது என்பதை எழுதியே வாங்க வேண்டும். பெரியம்மாவின் வீடு கடைசியில் விற்றபோது, தண்ணீர் மோட்டரும், சாமியறையின் முதிரைக் கதவும் யாருக்கு என்பதற்கே ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேச வேண்டியிருந்தது. மோட்டர் அங்கே நின்றது. கதவைப் பெரியம்மா லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.