மலையகத்து நாய்க்கு விளையாட்டுப் பொருளும் படுக்கையும்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) நாய்க்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று கேட்டுச் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அது தேவைதான், காரணம் சிறுத்தை. தேயிலை மலைகளை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் திரியும் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) சங்கிலியால் கட்டிய நாய் அதைவிட எளிது. ஆகவே இருட்டியதும் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. அடைபட்ட நாய் சும்மா இருக்குமா? செருப்பு, பாய், பிள்ளையின் புத்தகப்பை என்று அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அதற்குக் கடிக்க ஒன்றும் படுக்க ஒன்றும் வேண்டும்.

எந்தப் பொருளையும் இரண்டே கேள்விகளால் எடைபோடலாம். கடிபட்டால் துண்டாகி வயிற்றுக்குள் போகுமா? நனைந்தால் காயுமா? இரண்டாவது கேள்வியைக் கொழும்புக் கடைக்காரர் கேட்க மாட்டார். மூன்று நாள் மூடுபனியில் துணி காயாத ஊரில் இருக்கும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

படி 1: முதலில் நாயைக் கவனியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஓரிரு நாள் உங்கள் நாய் எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். சில நாய்கள் பொருளை வாயில் கவ்விக்கொண்டு சுற்றுவதோடு சரி. சில மணிக்கணக்கில் மெல்லும். சில நாய்களுக்குக் கிழித்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால்தான் நிம்மதி. துணிப் பொம்மை முதல் வகைக்கு மட்டுமே ஏற்றது. கிழிக்கும் நாய்க்கு அதைக் கொடுத்தால் பஞ்சும், கீச்சென்று கத்தும் குழலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

குட்டிக்கு 28 பாற்பற்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். ஏறத்தாழ மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை பல் மாறும். அந்தக் காலத்தில் ஈறு வலிக்கும், கண்டதையெல்லாம் கடிக்கும். நுவரெலியாக் கரட் ஒன்றைக் கழுவிக் குளிரவைத்து முழுதாகக் கொடுங்கள். விலையும் குறைவு, ஈறுக்கும் இதம். பருமனான கரட்டாக இருக்கட்டும். துண்டு தொண்டையில் சிக்காதபடி பக்கத்திலேயே இருங்கள்.

படி 2: அளவு

பந்து கடைவாய்க்குப் பின்னால் நழுவிப் போகும் அளவில் இருந்தால் அது மூச்சை அடைக்கும். சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். வீட்டில் ஒரு பெரிய நாயும் ஒரு சிறிய நாயும் இருந்தால் பெரிய நாயின் வாய்க்கு ஏற்றதை மட்டும் வாங்குங்கள். சிறியது அதைக் கவ்வ முடியாமல் உருட்டி விளையாடும், அவ்வளவுதான்.

படி 3: நகத்தால் அழுத்துங்கள்

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது. பெருவிரல் நகத்தால் பொருளை அழுத்துங்கள். சிறிது பதிந்தால் நல்லது. கல்லைப் போல எதிர்த்து நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். மேல் தாடையின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்லால்தான் நாய் கடினமானதைக் கத்தரிக்கும். மாட்டுக் கொம்பு, குளம்பு, தடித்த நைலோன் கட்டை போன்றவற்றை அது கடிக்கும்போது பல் பிளந்து நரம்பு வெளியே தெரியும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது, ஆனால் ஒரு பக்கமாக மெல்லத் தொடங்கும். “நீடித்து உழைக்கும்” என்று பொதியில் எழுதியிருப்பது பெரும்பாலும் பொருளின் ஆயுளைப் பற்றியது. பல்லின் ஆயுளை நாம்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் தேடுவது தடித்த, சிறிது வளைந்து கொடுக்கும் இயற்கை இறப்பர். கேகாலைப் பக்கம் பால் வெட்டும் நாட்டில் இருந்துகொண்டு மலிவான பிளாஸ்டிக் எலும்புக்கு ஏன் காசைக் கொடுக்க வேண்டும்?

படி 4: இவற்றை ஒதுக்குங்கள்

சமைத்த எலும்பு கூராகச் சிதறும். கோழி எலும்பாக இருந்தாலும் ஆட்டெலும்பாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடலாம், மெல்லக் கொடுக்கக் கூடாது: அதன் சொரசொரப்பான மேலுறை பல்லைத் தேய்க்கும். பழைய டயர்த் துண்டுக்குள் கம்பி இருக்கும். பழைய செருப்பைக் கொடுத்தால் புதிய செருப்பும் தனக்கே என்று நாய் நினைத்துக்கொள்ளும். அதை நாம்தானே பழக்கினோம்? பிளாஸ்டிக் போத்தல் கொடுப்பதானால் மூடியையும் கழுத்து வளையத்தையும் கழற்றிவிட்டு, விரிசல் கண்டதும் எறிந்துவிடுங்கள்.

முறுக்குக் கயிற்றுப் பொம்மைதான் எனக்கு அதிகம் பயம். இழுத்து விளையாட நல்லது, விளையாடி முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி, நூல் குடலையே அறுத்துவிடும்.

குழந்தைகளுக்கான பொம்மை என்றால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அந்தத் தரச் சோதனைகளில் நாயின் பல் கணக்கில் இல்லை.

படி 5: உள்ளே உணவு வைக்கும் பொம்மை

இரவில் நாயை அமைதிப்படுத்த இதைவிட நல்லதில்லை. இரண்டு பக்கமும் துளை உள்ளதையே வாங்குங்கள். ஒரே துளை உள்ள உருண்டையை நக்கும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளக்கூடும்.

உள்ளே சோறும் அவித்த பூசணியும் கரட்டும் பிசைந்து அடைக்கலாம். மீந்த கறி வேண்டாம். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். லீக்ஸும் அதே குடும்பம்தான், நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மரக்கறித் தோட்டம் உள்ளவர்கள் லீக்ஸ் கழிவை நாய்க்கு எட்டாத இடத்தில் போடுங்கள். தேயிலைத் தூளும் அப்படியே, கஃபீன் நாய்க்கு நஞ்சு. கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டோல் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்; சிறிதளவே போதும், இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

படி 6: படுக்கை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை. எந்தப் பக்கம் இருந்தாலும் சீமெந்துத் தரைதான் முதல் எதிரி. ஆகவே மெத்தையை வாங்குமுன் நாயைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். நான்கு அங்குல உயரத்தில், காற்றோட இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டு போதும். ஆணித் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நாய் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து, அரை அடி முதல் ஒரு அடி வரை கூட்டினால் படுக்கையின் நீளம் கிடைக்கும்.

பலகைக்கு மேல் கனத்த பஞ்சு மெத்தையைப் போட வேண்டாம். கடையில் பஞ்சுபோல மென்மையாக இருக்கும், ஒருமுறை நனைந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும். மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள்: கீழே தும்பு விரிப்பு, மேலே பழைய கம்பளி. கொழுந்து பறிக்கும் வீடுகளில் ஓய்வுபெற்ற கம்பளி ஒன்றாவது இருக்கும். இரண்டு இருந்தால் ஒன்று நாயின் கீழ், ஒன்று அடுப்புக்கு மேல் கொடியில். ஓரத்து நூல் பிரிந்திருந்தால் மடித்துத் தையுங்கள். தும்பை மென்று விழுங்கும் நாயாக இருந்தால் அந்த அடுக்கை எடுத்துவிடுங்கள்.

உரச் சாக்கை மட்டும் விரிக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் தையலில் உரம் தங்கும், நாய் அதை நக்கும். பூச்சிக்குப் பயந்து படுக்கைக்குள் அந்துருண்டை போடுவதும் ஆபத்து.

முதிய நாய்க்கு மட்டும் அடுக்குகளைக் கூட்டுங்கள். கடினமான தரையில் படுத்துப் படுத்து முழங்கை தடித்து முடி உதிர்ந்திருந்தால் அதுவே அடையாளம்.

படி 7: சூடு

குட்டை முடி நாய்க்கும் முதியதற்கும் குட்டிக்கும் சட்டை உதவும். கழுத்திலும் அக்குளிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். நனைந்த சட்டை வெற்றுடம்பைவிடக் குளிரூட்டும், ஆகவே வெளியே போய் வந்ததும் கழற்றி, அடியில் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, படுக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் நாய் நகர இடம் வேண்டும். வயர் உள்ள மின் விரிப்பைக் கடிக்கும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தால் நாய் மட்டுமல்ல, வீட்டார் அனைவருமே கார்பன் மொனொக்சைட்டில் சாகக்கூடும்.

படி 8: வாராவாரம் கையில் எடுத்துப் பாருங்கள்

துண்டு கழன்றிருந்தால், விரிசல் விட்டிருந்தால், வாயில் அடங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் குப்பைக்கு. இறப்பரைச் சவர்க்காரத்தில் கழுவி உள்துளையையும் காயவிடுங்கள். வெயில் வரும் நாளில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் படுக்கையைக் காயப்போடுங்கள்.

படி 9: விழுங்கிவிட்டால்

மீண்டும் மீண்டும் வாந்தி, சாப்பிட மறுத்தல், முக்கியும் மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் முனகல்: இவை அடைப்பின் அறிகுறிகள். வாயிலோ மலவாயிலிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும். கடித்த பொம்மையின் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் போங்கள். என்ன காணாமல் போயிருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் அறிவார். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ அங்கே போக மலைப்பாதையில் சில மணி நேரம் ஆகும். எனவே காலையில் அறிகுறி கண்டால் மாலை வரை பொறுத்துப் பார்க்காமல் காலையிலேயே வாகனம் பிடியுங்கள்.