புதுக் கருவியை வாங்கும் முன் கேட்டில் நிற்பவரிடம் கேட்டீர்களா?

வட சென்னையில் மணலி பக்கம், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தபோது, கேட்டில் இருந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக டேப் (தொடுதிரை டேப்லெட்) கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே இருபது வருஷமாக ஒரே அண்ணன்தான் கேட் கிளார்க். டிரெய்லர் திரும்பி உள்ளே நுழைவதற்குள் கன்டெய்னர் எண்ணைப் படித்து எழுதி முடித்துவிடுவார். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அப்புறம் பெட்டிக் கதவில் போட்டிருக்கும் சீலின் எண், வண்டி எண், பெட்டி எங்கே நசுங்கியிருக்கிறது என்ற குறிப்பு. டேப் வந்த முதல் வாரமே வண்டி வரிசை மெயின் ரோடு வரை நீண்டது. "அவருக்கு வயசாயிடுச்சு, புதுசா எதுவும் பிடிக்க மாட்டேங்குது" என்று ஆபீசில் பேசிக்கொண்டோம்.

புதிய தொழில்நுட்பம் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு இதுதான். ஆள் மறுத்தால் அவருடைய வயதையும் படிப்பையும் காரணம் காட்டிவிடுகிறோம்.

காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்கூட விசைப்படகில் ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார்கள், மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்துப் படிக்கிறார்கள். வகுப்பு எடுக்க ஆள் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கடலடியில் எந்த இடத்தில் வலை மாட்டிக் கிழிந்ததோ அந்த இடத்தை ஒருமுறை குறித்துவைத்தால் அடுத்த வலை தப்பும். அந்த ஒரு பயன் போதும். கேரளத்திலும் இப்படித்தான் நடந்தது. 1997 முதல் 2001 வரை அங்கே கடலோரத்தில் கைபேசி பரவியபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அங்கே படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி அவர்களுடைய லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுக்கும் விலை 4 விழுக்காடு குறைந்தது.

ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். நான்கு மென்பொருள்கள் பற்றி 152 பேரிடம் கேட்டு இரண்டு கேள்விகளைச் சோதித்தார். இது என் வேலைக்கு உதவுமா? இதைக் கையாள்வது சுலபமா? இரண்டுமே முக்கியம்தான். ஆனால் ஒருவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்பதோடு முதல் கேள்விக்குத்தான் அதிகத் தொடர்பு இருந்தது. பயன் இருந்தால் கொஞ்சம் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பயன் இல்லை என்றால் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் தொட மாட்டார்கள்.

யாருக்குப் பயன் என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தவறியதுதான் எங்கள் கேட்டில் நடந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு நாள் அந்த கிளார்க் அண்ணன் பக்கத்திலேயே நின்றேன். மே மாத வெயில். திரையில் என் முகம்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. வியர்த்த விரலால் தொட்டால் பக்கத்து எண் விழுந்தது. "தம்பி, நிழல்ல வெச்சிப் பாத்துட்டு வாங்கிட்டீங்க. நான் நிக்கிறது இங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. டேப்பில் பதிந்த பிறகு அவர் நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். ஏன் இரட்டை வேலை என்று கேட்டேன். பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக் காட்டினார். 'வலது பக்கம் கீழ் மூலை ஒரு சாண் நசுங்கல், டிரைவரிடம் காட்டியாச்சு' என்று ஒரு வரி, கீழே டிரைவரின் கையெழுத்து. டேப்பிலோ சேதம் உண்டா இல்லையா என்ற இரண்டு கட்டங்கள்தான். மூன்று மாதம் கழித்து லைன்காரர்கள், அதாவது பெட்டிக்குச் சொந்தக்காரர்களான கப்பல் கம்பெனிக்காரர்கள், பெட்டி நசுங்கியதற்குப் பணம் கேட்டால், பழி யார் தலையில் விழும்? அந்த நோட்டு அவருக்குக் கவசமாக இருந்திருக்கிறது. எண்களைக் குறிக்கும் புத்தகம் என்று மட்டும் நினைத்து அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறோம்.

பழைய பொருள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்க்காமல் அதை அகற்றக் கூடாது. பெரும்பாலும் அந்த வேலை மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. டேப் வந்ததால் மேனேஜருக்கு சாயங்காலமே ரிப்போர்ட் கிடைத்தது, கிளார்க்குக்கு எழுதும் வேலை இரட்டிப்பானது. பதிவுசெய்யும் உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருக்கு என்று அமைந்த மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஜோனத்தன் க்ரூடின் என்ற ஆய்வாளர் 1988-லேயே எழுதிவிட்டார்.

அடுத்த தவறு, வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றிப் பேசாமல் மழுப்புவது. வட சென்னையில் இந்தத் தவறு ரொம்பவே சுடும். 1918-இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பின்னி என்ற துணி மில்லின் தொழிலாளர்களைக் கொண்டுதான். அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது. மூட்டை தூக்க ஆட்கள் கூட்டமாக நின்ற இடத்தில் கிரேன் பெட்டியைத் தூக்கியது. அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வேலை போன வீட்டிலிருந்து வருகிறவரிடம் "இது உங்க நல்லதுக்குத்தான்" என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி நம்புவார்? எத்தனை பேர் தேவைப்படுவார்கள், டேப் பதியும் நேரத்தை வைத்து யாரையாவது தட்டிக் கேட்பீர்களா, ஓவர்டைம் குறையுமா? இந்தக் கேள்விகளுக்கான பதிலை முதல் நாளே சொல்லுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் சொல்லுங்கள். எங்கள் கேட்டில் யாரும் சொல்லாததால், டேப் நேரத்தை வைத்து சம்பளம் பிடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு யார்டு முழுக்கப் பரவியிருந்தது.

முன்கூட்டியே பேசினால் பலன் உண்டு. லெஸ்டர் காக், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பைஜாமா தைக்கும் ஆலை ஒன்றில் நடத்திய சோதனை 1948-இல் வெளிவந்தது. வேலைமுறை மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் உற்பத்தி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது, முதல் 40 நாளில் 17 விழுக்காடு பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடும்போதே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிய குழுக்களில் யாரும் விடவில்லை. உற்பத்தியும் வேகமாக மீண்டு பழைய அளவைத் தாண்டியது.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.சி. அறையில் ஒரு நாள் ஆங்கிலத்தில் ஸ்லைடு காட்டுவதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். மாதக் கடைசியில், வண்டி குவியும் நாளில் தொடங்கவும் வேண்டாம். இரவு ஷிஃப்டில் டேப் மாட்டிக்கொண்டால் யாருக்கு போன் போடுவது என்று ஒரு பெயரும் எண்ணும் சுவரில் இருக்கட்டும். வெளியாள் பத்து முறை சொல்வதைவிட, கூட வேலை செய்யும் ஒருவர் செய்துகாட்டினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் கேட்டில் அப்புறம் ஒரு தகர நிழல் போட்டோம். சேதத்தைப் போட்டோ எடுத்து, டிரைவர் திரையிலேயே கையெழுத்துப் போடும்படி மென்பொருளை மாற்றச் சொன்னோம். நோட்டை எடுத்துவிடச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "தம்பி, சீலுக்கும் ஒரு போட்டோ எடுக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க. அத வெச்சித்தான் சண்டையே வருது" என்றார். நோட்டு மேசை இழுப்பறைக்குள் இருந்தது.