உயிரோடிருக்கும் கவிஞரை வாசித்தல்: வட்டக்கச்சியிலிருந்து சில வழிகள்

இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கவிஞரை எப்படி வாசிப்பது, வாசித்த பிறகு என்ன கதைப்பது என்று எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிவருவதை இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு சனசமூக நிலையத்துக்குப் போவேன். பத்திரிகை மேசையைச் சுற்றி கமக்காரர், ஆசிரியர், ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் என்று கொஞ்சப் பேர் கூடி கவிதை வாசிப்போம்.

எனக்கு இதில் உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. வன்னியைப் பற்றிய கவிதைக்கு அழுதுவிட்டால் அதை வாசித்தாயிற்று என்று ஆகாது. அழுகை வரும், வரட்டும். ஆனால் நம் துயரத்தை எழுதியவர் ஒரு கவிஞர். எந்தச் சொல்லை வைப்பது, எதை விடுவது, வரியை எங்கே முறிப்பது என்று யோசித்து எழுதியிருக்கிறார். அந்த வேலையைப் பார்க்காமல் துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

முதலில் கவிதையைக் கையால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். புதிய கவிதைகள் இப்போது பெரும்பாலும் போனுக்குத்தான் வருகின்றன. விரலால் தள்ளினால் போய்விடும். கண் தாண்டிப்போகும் சொல்லைக் கை தாண்டிப்போகாது. கவிஞர் வரியை முறித்த இடத்திலேயே நீங்களும் முறியுங்கள். இடைவெளி விட்டிருந்தால் விடுங்கள். கீழே ஊரும் திகதியும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

கொப்பிக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி 1991இல் இறப்பதற்கு முன் தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். மற்றவர்களிடம் பிரதிகள் இருந்ததால்தான் இன்று அவரை வாசிக்கிறோம். வன்னியில் 2008, 2009 இடப்பெயர்வுகளில் வீட்டில் சேர்த்த புத்தகங்களும் அச்சுக்குப் போகாத கையெழுத்துக் கொப்பிகளும் எத்தனையோ போய்விட்டன. நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருவதால் பழையவற்றில் பலவற்றைத் திரும்பவும் பார்க்க முடிகிறது. புதியவற்றுக்கு வாசகரின் கொப்பியும் ஒரு காவல்தான்.

அடுத்தது, சத்தமாக வாசிப்பது. ஒருவர் வாசித்து முடித்ததும் அதே கவிதையை இன்னொருவர் வாசிக்க வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு இடங்களில் மூச்சு விடுவார்கள். அந்த வித்தியாசத்திலிருந்தே பேச்சு தொடங்கிவிடும். ஈழத்துக் கவிதைக்கு இது முக்கியம். மஹாகவி என்ற பெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞர் உருத்திரமூர்த்தி, செய்யுளைக் கைவிடாமலே அதற்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர். மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடைத்து அச்சிட்டார். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கவிதா நிகழ்வு என்று கவிதைகளை மேடையில் குரலால் நிகழ்த்தினார்கள். சு. வில்வரத்தினம் கவிதைகளைப் பாடியே காட்டுவார். இந்த வழியில் வந்தவர்களைக் கண்ணால் மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

வாசிப்பவரின் பேச்சும் ஒன்றாக இருக்காது. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் மேசையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும்போது அதே வரி வேறு ராகத்தில் வரும். அதைத் திருத்த வேண்டாம், கேளுங்கள்.

இனி உள்ளே போவோம். புதியவர்கள் பழகுவதற்காக நான் சில வரிகள் எழுதி வைத்திருக்கிறேன். கவிஞர் ஒருவருடைய கவிதையை முதல் நாளே பிய்த்துப் பார்க்கப் பலருக்குக் கூச்சமாக இருக்கும். என்னுடையதைத் தாராளமாகப் பிய்க்கலாம்.

துருசு திறந்த அன்று
வாய்க்கால்வரை நடந்தார் அப்பா.
தண்ணீர் வந்தது.
செருப்பைக் கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டு
வயல் எங்கே என்று கேட்டார்.

துருசு என்றால் குளத்து மதகு. கவிதையைக் கேட்டவுடன் யாராவது "மீள்குடியேற்றத்தின் வலி" என்பார்கள். அது தலைப்பு மட்டும்தான். சட்டையின் தையலைப் பார்க்க உள்பக்கத்தை வெளியே திருப்புவது போல இதையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

"தண்ணீர் வந்தது" என்பது தனி வரியாக நிற்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழே கமம் செய்கிறவருக்கு அது சின்ன வரி இல்லை. மழை குறைந்த சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைக்காது. எவ்வளவு ஏக்கர், எந்த வாய்க்கால் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. அடுத்த மூன்று வரிகள் அதன்மேல்தான் விழுகின்றன. அந்த வரியை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அப்பா ஏதோ வழி தவறிய மனிதராக மட்டும் தெரிவார். நீங்கள் வாசிக்கும் எந்தக் கவிதையிலும் இப்படி ஒரு வரியை மூடிவிட்டு வாசித்துப் பார்க்கலாம். மூடியபோது எது விழுகிறதோ அதுதான் அந்த வரி செய்த வேலை.

செருப்பைப் பற்றி எங்கள் வட்டத்தில் ஒரு கமக்கார ஐயா சொன்னதை நான் மறக்கவில்லை. "வயலுக்குள்ள இறங்கேக்கைதான் செருப்பைக் கழற்றுவம். இவர் வாய்க்காலிலேயே கழற்றிட்டார் எண்டால், வயல் காலடியில கிடக்கெண்டு நினைக்கிறார்" என்றார். எழுதிய எனக்கே அந்த இடம் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. உயர்தர வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றாள். கேப்பாப்புலவில் சொந்தம் உள்ள ஒரு அக்கா, வயல் இராணுவ முகாமின் கம்பிவேலிக்கு உள்ளே போய்விட்டது என்றார். இன்னொருவர், வரம்பெல்லாம் அழிந்து காடு மூடிவிட்டது என்றார். இவை எல்லாவற்றுக்கும் கவிதையில் இடம் இருக்கிறது, ஏனென்றால் அது காரணம் சொல்லவில்லை. ஒரு தம்பி, அப்பா போரில் கால் இழந்தவர் என்றார். அதற்கு எந்தச் சொல்லும் துணை வரவில்லை. "நடந்தார்" என்ற சொல்லும், செருப்பைக் கழற்றிய விதமும் வேறு பக்கம் இழுக்கின்றன. எங்கள் மேசையில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்திருக்கிறோம்: எந்த விளக்கத்தைச் சொன்னாலும் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் "என் மண்ணே, என் தாயே" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கவிதை அங்கேயே நின்றுவிடும். கேள்வி கேட்ட அப்பாவை மறைத்துக்கொண்டு கவிஞர் முன்னால் வந்துவிடுவார். நல்ல கவிஞர்களும் சில வேளை இப்படி ஒரு வரி அதிகமாக எழுதிவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் நயத்தலில் சேர்ந்ததுதான்.

பள்ளிக்கூடத்தில் கவிதை நயம் எழுதியவர்கள் உவமை, உருவகம், எதுகை, மோனை என்று பட்டியல் போடப் பழகியிருப்பார்கள். அந்த அறிவு வீண் இல்லை. ஆனால் எதுகை இருக்கிறது என்று சொல்லி நிறுத்தாமல், அந்த எதுகை அந்த இடத்தில் எதைச் செய்கிறது என்றும் சொல்லுங்கள்.

பழகித் தேய்ந்த சொற்களைக் கவனியுங்கள். பதுங்குகுழி, குருதி, தறப்பாள், வேர், சிலுவை, நந்திக்கடல். இவை நாங்கள் வாழ்ந்த சொற்கள், எழுதக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லைக் கேட்டதுமே நமக்கு நெஞ்சு அடைக்கிறது என்பதால், கவிதை ஒன்றும் செய்யாமலே செய்துவிட்டது போலத் தோன்றும். ஏ9 வீதியோரம் சாய்ந்து கிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியைப் பற்றி ஒருவர் எழுதினால், தாங்கி நமக்குத் தந்ததைத் தள்ளிவைத்துவிட்டு, கவிதை தந்தது என்ன என்று கேளுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரும் கச்சானும் வந்துவிட்டால் நமக்கு ஊர்ப்பாசம் பொங்கும். அந்த இடத்தில் வேறு ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தக் கவிதைக்கு முறிகண்டி இன்னும் தேவைப்படவில்லை.

திகதியை இரண்டாவது வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலர் கவிதைக்குக் கீழே மாதமும் ஆண்டும் போடுகிறார்கள். 2009 ஜனவரி என்று கண்டால் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்த மாதம் என்று மனம் ஓடிவிடும், கவிதை பின்னால் நின்றுவிடும். முதலில் திகதியைக் கையால் மறைத்து வாசியுங்கள். பிறகு எடுத்துவிட்டு வாசியுங்கள். சில கவிதைகள் திகதியோடு சேர்ந்தால்தான் முழுமையாகின்றன. சில, திகதி இல்லாமலே நிற்கின்றன. இரண்டுமே குறை இல்லை. எது எந்த வகை என்று தெரிந்திருப்பது நல்லது.

"நான்" என்று எழுதியிருந்தால் அது கவிஞரேதான் என்று முடிவு கட்டாதீர்கள். பெண்கள் எழுதினால் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்று ஈழத்துப் பெண்களின் கவிதைகள் தொகுப்பாக வந்தன. இவ்வளவு காலம் ஆன பிறகும், பெண் எழுதிய காதல் கவிதையை வாசித்துவிட்டு "இது உங்கட கதையோ" என்று நேரில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போராளியாக இருந்தவர் எழுதினால், எந்தப் படையணி, எந்தச் சண்டை என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. அவர்கள் ஏற்கெனவே போதுமான விசாரணைகளைப் பார்த்தவர்கள். கவிதையைப் பற்றிக் கேளுங்கள்.

நமக்கு உடன்பாடில்லாத கவிஞரையும் வாசிக்க வேண்டும். இயக்கத்துக்குள் இருந்து எழுதியவர்கள், இயக்கத்தை விமர்சித்து எழுதியவர்கள், புலம்பெயர்ந்து போய் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மேசைக்கு வரட்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு, மன்னார் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். அந்த வெளியேற்றத்தைப் பற்றிய கவிதை ஒன்றை வன்னியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பது இலகு இல்லை. வாசியுங்கள். பதில் சொல்ல அவசரப்படாமல், மற்றக் கவிதைகளை வாசித்த அதே கவனத்தோடு, சொல் சொல்லாக வாசியுங்கள். முஸ்லிம் கவிஞர்களான சோலைக்கிளி, அனார், பஹீமா ஜஹான் ஆகியோரை வாசிக்காமல் சமகாலத் தமிழ்க் கவிதையை வாசித்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கருத்துச் சொல்லும்போது "அருமை", "கனதியான கவிதை", "வலி மிகுந்த வரிகள்" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். எந்த வரியில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று சொன்னால் போதும். ஒரு வரி போதும், ஆனால் அது அந்தக் கவிதைக்கு மட்டும் பொருந்த வேண்டும். பிடிக்காததையும் அப்படியே, வரியைக் காட்டிச் சொல்லலாம்.

ஒரு விடயத்தில் மட்டும் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவோம். காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிய கவிதை வாசிக்கும்போது மேசையில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் போய் உட்கார்ந்த தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒரு அம்மா இருந்தால், இன்று இந்தக் கவிதையை வாசிக்கலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்போம். அவர் கதைத்தால் கேட்போம். வரி முறிப்பைப் பற்றி அன்று யாரும் கதைக்கத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை கதைக்கலாம்.

ஒரு கவிதை பிடித்துப்போனால் முழுத் தொகுப்பையும் தேடுங்கள். நம் கவிஞர்களின் புத்தகங்களில் நிறையத் தமிழ்நாட்டில் அச்சாகின்றன. இங்கே வந்து சேரும்போது விலை ஏறிவிடும். நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்குங்கள். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் கவிஞருக்கும் பதிப்பாளருக்கும் ஒன்றும் போகாது. தனிக் கவிதையைப் பகிர்ந்தால் பெயரை வெட்டாமல் பகிருங்கள். தொகுப்பில் முதல் கவிதைக்கும் கடைசிக் கவிதைக்கும் நடுவே எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

கவிஞர் நம் காலத்தவர், கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ரொறன்ரோவிலோ இருப்பார் என்பதால் அவருக்கு எழுதலாம். வெளியீட்டு விழாவில் வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு அவர் எழும்பும்போது கதிரைகள் பாதி காலியாகிவிடும். அங்கே அவருக்குக் கிடைக்காததைக் கடிதத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தக் கவிதையை வாசித்தோம், யார் யார் என்ன சொன்னோம், எந்த இடத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று எழுதுங்கள். "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்க வேண்டாம், அதை வாசகர் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வரிகளில் ஒன்றை ஏன் விட்டார், முதல் படியில் வேறு சொல் இருந்ததா என்று கேட்டால், கவிஞர்கள் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்கள். அவரை ஊருக்கு அழைப்பதென்றால், எல்லோரும் தொகுப்பை வாசித்து முடித்த பிறகு அழையுங்கள். பொன்னாடை வாங்கும் காசுக்கு இன்னொரு பிரதி வாங்கி சனசமூக நிலையத்து அலுமாரியில் வையுங்கள்.