பில் கவுண்டரில் காய்கறி எண்களை மனதில் நிறுத்துவது எப்படி?

கனடாவுக்குப் படிக்க வந்து, சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேர கேஷியராகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிஸ்கட், பால் போன்றவற்றை ஸ்கேனரில் காட்டினால் போதும். உதிரியாக விற்கும் காய்கறி, பழங்களைத் தராசில் வைத்து, நாலு இலக்க எண் ஒன்றை அடிக்க வேண்டும். பி.எல்.யு. எண் என்பார்கள். நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை ஒவ்வொரு காய்க்கும் எண் தாளைப் புரட்டிக்கொண்டு நின்றேன், வரிசை நீண்டுகொண்டே போனது. மூன்று வாரத்தில் அந்தத் தாள் தேவைப்படவில்லை.

முதலில் ஒரு நல்ல செய்தி. வாழைப்பழம் இந்தக் கடையிலும் 4011, அமெரிக்கக் கடையிலும் 4011. பல நாடுகளுக்கும் பொதுவான எண்கள் இவை. சில பொருட்களுக்குக் கடையே தனி எண் வைத்திருக்கலாம், மற்றபடி வேலை மாறினாலும் படித்தது வீணாகாது. அந்த இலக்கங்களுக்குள் எந்த அர்த்தமும் ஒளிந்திருக்கவில்லை, தேட வேண்டாம். பெரும்பாலான எண்கள் 4-இல்தான் தொடங்கும். அதை விட்டுவிடுங்கள். மீதி மூன்று இலக்கம்தான் உங்கள் பாடம்.

அடுத்து, பத்தே பத்து பொருளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கவுண்டரில் எது அதிகம் வருகிறதோ அதுதான். என் முதல் பட்டியலில் வாழைப்பழம் 011, பச்சை திராட்சை 022, சிவப்பு திராட்சை 023, சிவப்பு வெங்காயம் 082, மஞ்சள் வெங்காயம் 093, பூண்டு 608, இஞ்சி 612 எல்லாம் இருந்தன. தனித்தனியாகப் படிப்பதைவிட ஜோடியாகப் படித்தால் சீக்கிரம் ஒட்டும். சிவப்புக் குடைமிளகாய் 688, பக்கத்து வீடு மாதிரி மஞ்சள் 689. பச்சை மட்டும் தள்ளி, 065. ஆப்பிளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். வகையும் அளவும் ஏராளம், பழத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும், பார்த்து அடித்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் தடுமாறுவது எண்ணில் அல்ல, காயை அடையாளம் காண்பதில்தான். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். கொத்தமல்லி 4889. தட்டை இலை பார்ஸ்லி 4901, சுருட்டை இலை பார்ஸ்லி 4899. தட்டை இலைக் கட்டு அச்சு அசல் கொத்தமல்லி மாதிரியே இருக்கும். கட்டை லேசாக அசைத்தால் போதும், நம் ரச வாசனை வந்தால் கொத்தமல்லி. வெள்ளரி 4062, சுக்கினி 4067. இரண்டும் பச்சை, இரண்டும் நீளம், எண்ணும் கிட்டக் கிட்ட. சுக்கினியின் முனையில் கட்டையான காம்பு இருக்கும், அதைப் பாருங்கள். அப்புறம் எலுமிச்சை. ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லிவிடுகிறோம். இங்கே பச்சையாக இருப்பது லைம், 4048. மஞ்சளாக, பெரிதாக இருப்பது லெமன், 4053. வேலை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய், காய்கறிப் பகுதியில் ஒரு சுற்று நடந்து பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். எனக்கு இதைவிடப் பலன் தந்த பயிற்சி வேறு இல்லை.

சரி, இனி விரலுக்குப் பயிற்சி. உங்கள் கவுண்டரில் 1 என்ற பட்டன் கீழ் வரிசையில் இருக்கிறதா, மேல் வரிசையிலா என்று பாருங்கள். கீழே என்றால் செல்பேசியின் கால்குலேட்டரிலும், மேலே என்றால் எண்களை டயல் செய்யும் திரையிலும் பழகலாம். பேருந்தில் வரும்போது காயின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எண்ணை அடியுங்கள். கவுண்டரிலும் அப்படியே. தாளைப் பார்க்கும் முன் ஒரு நொடி நினைவுபடுத்திப் பாருங்கள், வராவிட்டால் மட்டும் பாருங்கள். அடித்ததும் திரையில் வரும் பெயரை ஒரு பார்வை பார்க்காமல் அடுத்த பொருளை எடுக்காதீர்கள். பத்தும் தானாக வர ஆரம்பித்ததும் அடுத்த பத்து.

ஆர்கானிக் பொருளுக்குத் தனியாகப் படிக்க எதுவும் இல்லை. அதே எண்ணுக்கு முன்னால் 9 சேர்த்தால் ஆயிற்று, ஆர்கானிக் வாழைப்பழம் 94011. ஆனால் கவனம் இங்கேதான் தேவை. விலை வித்தியாசம் உண்டு, சாதாரணப் பழத்துக்கு 9 சேர்த்து அடித்துவிட்டால் வாடிக்கையாளரின் பணம் போகும். ஸ்டிக்கரோ கட்டியிருக்கும் பட்டையோ காணாமல் போயிருந்தால் ஊகிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.