வளைகுடாவில் ஆசிரியர் பணி: விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டியவை

வளைகுடா நாடுகளில் ஆசிரியராகப் பணியாற்ற விரும்புவோர் பலரும் முதலில் கேட்பது எந்த நாட்டில் சம்பளம் கூடுதல் என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. உங்கள் சான்றிதழ்களை அந்நாட்டு அரசு ஏற்குமா? நீங்கள் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தில் சம்பளம் எப்படிப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது? இவ்விரண்டையும் ஊரில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் விசா பள்ளியின் பொறுப்பில் இருக்கும். சான்றிதழைத் திருத்துவதற்கு விடுப்பு கிடைப்பதும், சம்பளத்தை மறுபடி பேசுவதும் எளிதல்ல.

முதலில் பள்ளியின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் சம்பளம் அதிகம். பல பள்ளிகள் வீடும் தருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அந்தந்த நாட்டின் ஆசிரியர் உரிமத்தை எதிர்பார்க்கின்றன. தமிழ்நாட்டில் பட்டமும் பி.எட்.டும் முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கற்பித்தவருக்கு இயல்பாக வாய்ப்பளிப்பவை சி.பி.எஸ்.இ. பள்ளிகளே. அப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியைகள் பலர், அங்கேயே வேலை செய்யும் கணவரின் விசாவில் வசிப்பவர்கள். அவர்களுக்கு வீட்டு வாடகையும் விமானச் சீட்டும் பள்ளி தர வேண்டியதில்லை என்பதால், பல பள்ளிகளின் சம்பளம் குடும்பத்தின் இரண்டாவது வருமானம் என்ற கணக்கில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. தனியாகச் சென்று, வாடகை கொடுத்து, வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டியவர் இதை அறியாமல் ஒப்புக்கொள்ளக்கூடாது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், நேர்காணல்கள் அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே நடந்துவிடும். அப்போது சான்றிதழ்கள் தயாராக இருப்பவரே முந்திக்கொள்வார்.

சான்றிதழ் வேலைதான் அதிக நாள் பிடிக்கும். பட்டச் சான்றிதழும் பி.எட். சான்றிதழும் முதலில் மாநில அளவில் சரிபார்க்கப்பட்டு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்குச் செல்லும். அதற்குப் பின் வழி பிரிகிறது. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையின் பேரில் மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) சேர்ந்த நாடுகள். சவுதியில் இது 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை அடிப்படை. அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்கு அமைச்சகத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் (அட்டெஸ்டேஷன்), அங்கே சென்றபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் தேவை. இதற்கிடையில் பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்று கேட்கப்படலாம். எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைகளும் ஒட்டுத்தாள்களும் அசல் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் இடப்படும். ஆகவே எக்காரணம் கொண்டும் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் அந்த உறையைப் பிரிப்பதிலேயே தாள் கிழியும் அபாயம் உண்டு. தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள், பள்ளியிடம் அதை முதல் மின்னஞ்சலிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. பள்ளி நிர்வாகம் ஏற்றாலும் அந்நாட்டுக் கல்வித்துறை ஏற்காமல் போகலாம்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. நம் பெயருக்கு முன் இனிஷியல்தான் உண்டு. குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘மு. செல்வி’ என்றும், பட்டத்தில் ‘செல்வி மு.’ என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து ‘செல்வி முருகேசன்’ என்றும், ஆதாரில் கணவர் பெயரோடும் இருந்தால், நான்கும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு இது இன்னும் கடினம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோருக்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு விதித்தது. எனவே வேலை தேடத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயர், குடும்பப்பெயர் ஆகிய இரு கட்டங்களும் நிரம்பும்படி பெயரைத் திருத்தி, பிற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கிய பிறகு பாஸ்போர்ட் பெயரை மாற்றினால் சிக்கல் இரட்டிப்பாகும். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகவே பெறலாம்.

முகவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் பதிவுபெற்ற முகவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். வருகை விசாவில் சென்று வேலையில் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும், வேலைக்கான அனுமதி வரும்வரை வகுப்பறைக்குள் நுழையாதீர்கள். அது சட்டமீறல், தண்டனை உங்களுக்கும் வரும். அமீரகச் சட்டப்படி விசாச் செலவையும் பணியமர்த்தும் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். ‘மாதம் 5,000 திர்ஹாம்’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மகிழாமல், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு விலகும்போது மொத்தமாகத் தரப்படும் தொகை, அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளம். அடிப்படை 2,000 திர்ஹாம் என்றால் ஆண்டுக்கு 1,400 திர்ஹாம் சேரும். அதே 5,000-இல் அடிப்படை 3,500 என்று எழுதப்பட்டிருந்தால் 2,450 சேரும். ஐந்து ஆண்டு முடிவில் இருவருக்கும் இடையே 5,250 திர்ஹாம் வேறுபாடு. மாதந்தோறும் கையில் வாங்கியதோ ஒரே தொகை. சவுதியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதச் சம்பளம். ஆனால் தானாக விலகுபவருக்கு இரண்டு ஆண்டு நிறையாவிட்டால் ஒன்றும் இல்லை, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. திருமணமான ஆறு மாதத்துக்குள், அல்லது குழந்தை பிறந்த மூன்று மாதத்துக்குள் விலகும் பெண்ணுக்கு முழுத் தொகையும் உண்டு. பெண் ஆசிரியர்கள் இந்த விதியை அறிந்திருப்பது அவசியம்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகளை நிதானமாகப் படியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? விமானச் சீட்டு ஆண்டுக்கு ஒன்றா, இரண்டு ஆண்டுக்கு ஒன்றா? வீடு தருவதாக இருந்தால் தனி அறையா, பிறருடன் பகிர வேண்டிய அறையா? ஆசிரியரின் குழந்தைகளுக்குக் கட்டணச் சலுகை எத்தனை பேருக்கு? கல்வியாண்டின் நடுவில் விலகினால் என்ன பிடித்தம்? அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அக்காலத்தில் நாட்டை விட்டுச் செல்ல 14 நாள் முன்னறிவிப்பும், அங்கேயே வேறு முதலாளியிடம் சேர ஒரு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட எதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். நல்ல நிர்வாகம் அதற்காக முகம் சுளிக்காது.

குடும்பத்தோடு செல்ல நினைப்பவர் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். சவுதியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. மனைவியும் இரு குழந்தைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். இந்தியப் பள்ளிச் சம்பளத்தில் இது பெருந்தொகை. முதல் ஆண்டு தனியாகச் சென்று நிலைமையை அறிந்த பிறகு முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து.

மருத்துவப் பரிசோதனை ஊரிலும் நடக்கும், அங்கே சென்ற பிறகும் நடக்கும். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் விசா தடைபடலாம். ஐயம் உள்ளவர்கள் வேலையை விட்டு விலகும் முன்பே தனியாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பெட்டி கட்டும்போது கசகசாவை அறவே தவிருங்கள். அமீரகம், சவுதி, கத்தார் போன்ற நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள், வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் பிரச்சினையே. கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் மருத்துவர் சீட்டும் உரிய அனுமதியும் இல்லாமல் கொண்டு செல்லத்தக்கவை அல்ல.

வகுப்பறையில் நினைவில் வைக்க வேண்டியது, எந்தக் காரணத்துக்காகவும் மாணவர் மீது கை வைக்கக்கூடாது என்பது. இங்கே செல்லமாகக் காதைத் திருகுவதாகக் கருதப்படும் செயல் அங்கே புகாராகி வேலையையே பறிக்கலாம். மாணவர்களின் படங்களைச் சமூக ஊடகத்தில் இடாதீர்கள். வீட்டில் தனிவகுப்பு எடுப்பதற்கு அமீரகம் 2023 டிசம்பரில் தனி அனுமதி முறையைக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். துபாயில் பள்ளிகள் அரசின் கண்காணிப்பில் இருப்பதால், பாடத்திட்டக் குறிப்பும் மாணவர் முன்னேற்றப் பதிவும் எழுதும் வேலை இங்கிருப்பதைவிட மிகுதி. அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வேலைக்காக வெளிநாடு சென்றதும் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் பெறும் வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்கினால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அங்கே வங்கிகள் முதல் சம்பளம் வந்ததுமே கடனும் கிரெடிட் கார்டும் தர முன்வரும். கடன் தீராமல் வழக்காகிவிட்டால், நாட்டை விட்டு வெளியேறவே தடை விதிக்கப்படலாம்.

பாஸ்போர்ட்டைப் பள்ளி நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வது அமீரகம், கத்தார், சவுதி ஆகிய நாடுகளில் சட்டவிரோதம். விசா வேலைக்காகக் கேட்டால் கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். அசல் சான்றிதழ்களுக்கும் அதுவே பொருந்தும். பணியிலிருந்து விலகும் நாளில் பணிக்கொடைக் கணக்கைச் சரிபார்க்காமல் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள். அனுபவச் சான்றிதழில் கற்பித்த பாடம், வகுப்புகள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அந்நாட்டின் முத்திரையையும் இருக்கும்போதே பெற்றுவிடுங்கள்; ஊர் திரும்பிய பின் அதைப் பெறுவது பல மாத வேலை.