பழுதான யூஎஸ்பி சார்ஜரை எப்படிக் கண்டறிவது, எப்படிக் கையாள்வது

செல்போன் சார்ஜரிலிருந்து வெளியே வருவது வழக்கமாக 5 வோல்ட்தான். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வகைகளில் அது 20 வோல்ட் வரையிலும் உயரலாம். அந்த அளவு மின்னழுத்தம் ஆளைக் கொல்லாது. ஆனால் அதே சின்னப் பெட்டிக்குள், சில மில்லிமீட்டர் தள்ளி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டும் இருக்கிறது. உள்ளேயுள்ள மின்மாற்றியின் காப்பும், சர்க்யூட் பலகையில் விடப்படும் இடைவெளியும்தான் இரண்டையும் பிரித்து வைக்கின்றன. போலிச் சார்ஜர்களில் காசு மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தடுப்பில்தான் என்பதால், அது உடையும்போது கையிலிருக்கும் போனின் உலோகச் சட்டம் வரை 230 வோல்ட் வந்து சேரக்கூடும்.

இந்தியாவில் விற்கப்படும் சார்ஜருக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுவிடலாம். ஆகவே சார்ஜர்மேல் உள்ள, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, அங்கே வரும் தயாரிப்பாளர் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உலோக போனைத் தொடும்போது லேசாகக் கூசுவது நல்ல சார்ஜரிலும் உண்டு. இரைச்சலைக் குறைக்க உள்ளே வைக்கப்படும் ஒரு மின்தேக்கி வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை அந்த போனில் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான், எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. சுரீரென்று அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ அந்தச் சார்ஜரை மறுபடி செருகாதீர்கள். பிரித்துப் பழுதுபார்ப்பதும் வேண்டாம்.

சாக்கெட்டையும் கவனியுங்கள். பல சார்ஜர்களில், சாக்கெட்டுக்குள் நுழையும் உலோகப் பின் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். 5 மில்லிமீட்டர் பின்னுக்கான பழைய துளையில் அது ஆடும், பொறி பறக்கும், சுற்றிலும் பழுப்பேறும்.

கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு வயரையல்ல, பெட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். மலிவுச் சார்ஜர்களில் மேலோடு மட்டும் கையோடு வந்து, பின்னும் பலகையும் சாக்கெட்டிலேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது விரல் வைக்காமல், மெயினை அணைத்த பிறகே அதை எடுங்கள். புகை வந்தாலும் முதல் வேலை மெயினை அணைப்பதுதான். தண்ணீர் ஊற்றக் கூடாது.

அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அது விழுவதற்குப் பல ஆம்பியர் பாய வேண்டும். உடல் வழியே தரைக்குக் கசியும் மின்சாரத்துக்கு கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச்தான் விழும். அது வீட்டில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பொருத்துங்கள். இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள்.