சுட்ட பிறகு போல்ட் இறுகினால்: வீட்டில் நிரப்பிய ரைஃபிள் தோட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்ட பிறகு போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி மேலே எழ முரண்டு பிடித்தால் பலர் பவுடரை அரை கிரெயின் (மிகச் சிறிய எடை அளவு) குறைத்துவிட்டுத் தொடர்ந்து சுடுகிறார்கள். காரணம் தெரியாமல் அளவைக் குறைத்தால் கோளாறு அப்படியேதான் இருக்கும். முதலில் சுடுவதை நிறுத்துங்கள்.

அடுத்து, அதே தோட்டாவை உள்ளே தள்ளி மூடும்போது போல்ட் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். மூடும்போதே இறுகியிருந்தால் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அளவில் கோளாறு. கழுத்தை மட்டும் சைஸ் செய்து (டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி) பலமுறை சுட்ட கேஸில் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) முன்னுக்கு வந்திருக்கும். சுட்ட கேஸின் தோளை கம்பேரட்டரில் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கருவி) அளந்து, அதைவிட 0.002 அங்குலம் பின்வாங்கும்படி டையை இறக்கினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் கேஸ் அடிப்பக்கம் மெலிந்து, பிறகு அங்கேயே பிய்ந்துவிடும்.

ஆனால் "அளவுக் கோளாறுதானே" என்று சுட்டுவிடக் கூடாது. கேஸ் நீண்டிருந்தாலும் மூடும்போது இறுகலாம். அப்போது கேஸின் வாய் சேம்பர் (தோட்டா அமரும் அறை) முனையில் முட்டி புல்லட்டைக் கவ்விப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவின் கேஸுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், 2.005க்கு வெட்டி வைப்பது வழக்கம்.

லேசாக மூடி, சுட்ட பிறகு மட்டும் இறுகினால் அழுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்த இடத்தில் இறுகுகிறது என்பதையும் கவனியுங்கள். கைப்பிடி இலகுவாக எழுந்து, உச்சியில் மட்டும் 'டக்' என்று தட்டினால் கேஸின் அடிப்பகுதி உப்பியிருக்கிறது, டை அங்கே எட்டவில்லை. அடியிலிருந்து 0.200 அங்குல உயரத்தில், சைஸ் செய்வதற்கு முன்னும் பின்னும் விட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும். அளவு மாறவே இல்லையென்றால் ஸ்மால் பேஸ் டை (அடிப்பகுதியை இன்னும் இறுக்கிச் சுருக்கும் டை) வேண்டும்.

பிரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதுதான் மிகப் பரவலான தவறு. தட்டையான பிரைமர் அதிக அழுத்தத்தாலும் வரும். தோள் அளவுக்கு மீறிப் பின்வாங்கியிருந்தால் மிதமான லோடிலும் (பவுடர் அளவிலும்) வரும். ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) துளை அகலமாக இருந்தாலே பிரைமரில் பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும். கேஸ் தலையில் (அடித்தட்டில்) எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் கம்பி) பதிந்த பளபளப்பான வட்டம் இதைவிட நம்பகமான சாட்சி: பித்தளையே வழிந்து எஜெக்டர் துளைக்குள் புகுந்திருக்கிறது. ஒன்றிரண்டு முறை சுட்ட கேஸிலேயே புதுப் பிரைமர் தடையில்லாமல் உள்ளே இறங்கினால் கேஸ் தலை விரிந்துவிட்டது. அந்தக் கேஸைக் குப்பையில் போடுங்கள், லோடையும் கைவிடுங்கள்.

அடையாளம் எதுவும் இல்லையென்றால் பத்திரம் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. அமெரிக்காவின் எஸ்ஏஏஎம்ஐ (தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) வைத்திருக்கும் உச்ச வரம்பு .308க்கு 62,000 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), .30-30 என்ற இன்னொரு தோட்டா வகைக்கு 42,000. எஜெக்டர் தடம் பெரும்பாலும் 60,000ஐத் தாண்டிய பிறகே தெரியும். .30-30இல் அதற்காகக் காத்திருந்தால் வரம்பு எப்போதோ கடந்திருக்கும். ஆகவே குரோனோகிராஃபை (புல்லட் வேகத்தை அளக்கும் கருவி) நம்புங்கள். அதே பவுடர், அதே புல்லட், அதே குழல் நீளத்தில் லோடிங் கையேட்டின் உச்ச வேகத்தை மிஞ்சினால், அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும்.

எளிதில் மறந்துபோகும் காரணங்களும் உண்டு. சைஸிங் எண்ணெயைத் துடைக்காவிட்டால் கேஸ் சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டை முழு வேகத்தில் தள்ளும். ராணுவப் பித்தளைக் கேஸ் பெரும்பாலும் தடிமனானது. உள்ளே இடம் குறைவு என்பதால் அதே அளவு பவுடரே அழுத்தத்தைக் கூட்டும். குளிர்காலத்தில் உச்சம் வரை ஏற்றிய லோடு, கோடை வெயிலில் சூடான சேம்பரில் சில நிமிடம் கிடந்தாலே எல்லை மீறலாம்.

மிச்சத் தோட்டாக்களை புல்லட் புல்லரால் பிரித்து, சோதனை எடையால் சரிபார்த்த தராசில் பவுடரை நிறுத்துப் பாருங்கள். எடை சரியாக இருந்து, பிரைமரோ புல்லட்டோ பவுடர் லாட்டோ (தயாரிப்புத் தொகுதி) மாறியிருந்தால் உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் இறங்கி மறுபடி தொடங்க வேண்டும். போல்ட் அசையவே மறுத்தால் இரும்புச் சுத்தியலை எடுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கைப்பிடியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டலாம். அதற்கும் திறக்காவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். லக் (போல்ட்டைப் பூட்டும் பற்கள்), ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் கேஸுக்கு இருக்கும் இடைவெளி) இரண்டையும் அவர் சோதித்துச் சொல்லும்வரை அந்த ரைஃபிளில் எந்தத் தோட்டாவையும் போட வேண்டாம்.